ஒல்லி உடம்பும் ஒரு பாவு பீமும்

1. நழுவிய அன்று

பீம் என் கையிலிருந்து நழுவியபோது பரமசிவம் அண்ணாச்சி முதுகுப் பக்கமாக நடந்துகொண்டிருந்தார். அவருடைய கண் என் முகத்தில் இருந்தது. கால் எங்கே மிதிக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. எங்கள் வேலையின் முறை அப்படி.

கோமதி, சங்கர், நீங்கள் இருவரும் எங்கள் தறி ஷெட்டுக்குள் வந்திருக்கிறீர்கள். காதைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிஷத்தில் ஓடியும் இருக்கிறீர்கள். அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். சேலையில் நீளவாக்கில் ஓடுகிற நூல் பாவு. குறுக்கே ஓடுகிற நூல் ஊடை. ஆயிரக்கணக்கான பாவு நூலை ஒரு பெரிய இரும்பு உருளையில் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பீம். இரண்டு பக்கமும் வட்டமாக இரும்புத் தட்டு இருக்கும். நூல் நிறைந்த பீம் அன்றைக்கு என் எடையைவிடக் கூடுதல். என் எடை ஐம்பத்தொரு கிலோ.

பீம் லோடு ஆட்டோவில் ஷெட் வாசலுக்கு வரும். என்னுடைய நான்கு தறிகளும் உள்ளே கடைசி வரிசையில் இருந்தன. வாசலிலிருந்து இருபத்தாறு எட்டு வைக்க வேண்டும். தறிக்கும் தறிக்கும் நடுவே ஒரு ஆள் போகிற சந்துதான். தள்ளுவண்டி நுழையாது. ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து இரண்டு பேர்தான் தூக்கிப் போக வேண்டும். முன்னால் போகிறவர் பின்பக்கமாக நடப்பார். எதிரே வருகிறவருக்குத்தான் வழி தெரியும். முன்னால் போகிறவர் நாலைந்து எட்டுக்கு ஒரு தடவை "போலாமா?" என்று கேட்பார். வழியும் சரியாக இருந்து, கையில் பிடியும் சரியாக இருந்தால் மற்றவர் "போ" என்பார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் "எறக்கு" என்று சொல்ல வேண்டும். சொன்ன உடனே இரண்டு பேரும் குனிந்து தரையில் வைத்துவிட வேண்டும். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது.

முறை இவ்வளவுதான். ஆனால் "எறக்கு" என்று சொன்னவனை டீக்கடையில் ஒரு வாரத்துக்குக் கிண்டல் பண்ணாமல் விடமாட்டார்கள். அதனால் எவனும் லேசில் சொல்வதில்லை.

அன்று பதினான்காவது எட்டில் என் முழங்கைக்குக் கீழே நடுங்க ஆரம்பித்தது. பதினெட்டில் விரல்கள் தானாக விரிந்தன. அண்ணாச்சி என் முகத்தைப் பார்த்து, "போலாமா?" என்றார்.

"போ" என்றேன்.

இருபத்தொன்றில் நழுவியது. என் பக்கத்துத் தட்டு தரையில் இடித்துச் சிமெண்டைப் பெயர்த்தது. அவர் பக்கமும் சாய, அவரும் சாய்ந்து, உட்கார்ந்த மேனிக்கு விழுந்தார். பீம் அவருடைய இடது கால் பெருவிரலுக்கு ஒரு விரற்கடை தள்ளி வந்து நின்றது. பீம் தூக்கும்போது பக்கத்துத் தறிகளை நிறுத்திவிடுவோம். அதனால் விழுந்த சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது.

அண்ணாச்சி முதலில் என்னைத் திட்டவில்லை. காலை மடக்கிப் பார்த்து விரலை எண்ணினார். "அஞ்சும் இருக்கு" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏலே ஊடை, 'போ'ன்னு சொன்னியே. அப்போ ஒங்கையில புடி இருந்துச்சா?"

ஷெட்டில் எனக்கு ஊடை என்றுதான் பெயர். ஊடை நூல் மாதிரி ஒல்லியாக இருப்பேனாம்.

"இருந்துச்சு அண்ணாச்சி. திடீர்னு வழுக்கிட்டு."

"பொய் சொல்லாதலே. ஒம் மூஞ்சிய நாம்லா பாத்துக்கிட்டு வந்தேன்."

பதினொரு வருஷமாக நாங்கள் ஜோடி. இருவரும் சேர்ந்து எத்தனை பீம் ஏற்றியிருப்போம் என்று கணக்கே கிடையாது. அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு சொன்னார்: "இனி ஒங்கூட பீம் தூக்க மாட்டேன். கோவத்துல சொல்லல. எனக்கு இந்தக் காலு வேணும்."

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"முருகையா, ஜோடி இல்லாம எப்படிவே தறி ஓட்டுவீரு? ஆடித்தபசுக்கு ஷெட்டுக்கு லீவு விடுவோம்லா. லீவு முடிஞ்சு திறக்கையில நாலு தறிக்கும் புதுப் பாவு ஏத்தணும். அதுக்குள்ள பீமைத் தூக்க ஒரு வழி பாரும். இல்லைன்னா தார் சுத்துற பக்கம் போயிரும். அதுவரைக்கும் வேற ஆளு ஏத்தித் தருவான்."

ஊடையைக் குறுக்கே இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் ஊடை நூலைச் சுற்றுவதுதான் தார் சுற்றுவது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் கூலி பாதிதான். அதோடு, பத்தொன்பது வயதிலிருந்து நான் நின்ற இடம் தறி. அந்த நாலு தறியின் சத்தத்தை வைத்தே எதில் நூல் அறுந்தது என்று சொல்லிவிடுவேன். அதை விட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

சித்திரை கடைசியில் நடந்தது இது. கோயிலில் ஆடித்தபசு நடக்க மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு.

2. குடோன்

உங்கள் அம்மாதான் என்னை அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கை நடுங்குதுன்னு சொல்லுதிய, சாயங்காலம் ஆனா கண்ணைக் கட்டுதுங்கிய. ரத்தத்தைக் குடுத்துப் பாத்துட்டு வருவோம்" என்றாள். எனக்கு என்ன வரப்போகிறது என்று நினைத்தேன். சுகர், பிரஷர் எல்லாம் குண்டாக இருக்கிறவர்களுக்கு வருகிறது என்றுதான் அதுவரை என் கணக்கு. அண்ணாச்சிக்கு வந்தாலும் எனக்கு வராது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "சுகர் எல்லைக் கோட்டுல நிக்குது" என்றார்.

"மேடம், நல்லாப் பாருங்க. நான் ஒல்லி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். கையை மார்பில் கட்டிக்கொண்டு, எதையும் பிடிக்காமல் பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னார். ஆறாவது தடவை தொடை நடுங்கியது. எட்டாவதில் நாற்காலியைப் பிடித்துவிட்டேன். பிறகு என் மேல்கையை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"இதுல தோல் இருக்கு, எலும்பு இருக்கு. நடுவுல இருக்க வேண்டியது எங்கேங்க?"

உங்கள் அம்மா சும்மா இருப்பாளா? "நடுவுல இருக்க வேண்டியது அத்தனையும் வயித்துக்கு வந்துட்டு மேடம்" என்று என் சட்டைக்கு மேலே காட்டினாள். உண்மைதான். கை, கால், நெஞ்சு எல்லாம் குச்சி. வயிறு மட்டும் பந்தலில் தொங்குகிற சுரைக்காய் மாதிரி முன்னால் நிற்கும்.

"நாள் பூரா நின்னுக்கிட்டேதான மேடம் வேலை பாக்கேன்? அது எக்ஸசைஸ் இல்லையா?" என்று கேட்டேன்.

"நிக்கிறீங்க. நாலு தறியைச் சுத்தி நடக்கிறீங்க. விரலுக்கு வேலை இருக்கு. கண்ணுக்கு வேலை இருக்கு. தோளுக்கும் தொடைக்கும் கஷ்டமான வேலை எப்ப வருது?"

யோசித்துப் பார்த்தேன். மாதத்துக்கு இரண்டு நாள், பீம் ஏற்றும்போதுதான்.

அன்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன். சாப்பிடுகிற சோற்றிலிருந்து வருகிற சர்க்கரையை வாங்கி வைக்கிற பெரிய குடோன் தசைதான். குடோன் சின்னதாக இருந்தால் மூட்டைகள் ரோட்டில் கிடக்கும், அதாவது ரத்தத்தில் கிடக்கும். ஒல்லியாக இருப்பதால் மட்டும் குடோன் பெரிதாகிவிடாது. "உங்களுக்கு எடை குறையவேண்டியது இல்லை. தசை கூடணும். வாரத்துக்கு மூணு நாள் எடை தூக்குங்க. கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. முட்டை, பயறு, கடலை, மீன் சேத்துக்குங்க. டீயில சர்க்கரையைக் குறைங்க" என்றார்.

ஷெட்டில் நான் ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பேன். ஒவ்வொன்றோடும் ஒரு வடை. அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. உங்கள் அம்மா சொன்னாள்.

வெளியே வந்ததும் அவளுக்குக் கவலை வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ரெண்டு முட்டையாம். நான் என்ன, அடைக்கு உக்காரவா?"

3. ஒரு நாள் ஜிம்

பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் ஒரு மாடியில் ஜிம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை போனேன். வேட்டியோடு போனவனிடம் அங்கிருந்த தம்பி நல்லவிதமாகத்தான் பேசி, ஒரு அரைக்கால் டவுசர் கொடுத்தான். நாலு சுவரிலும் கண்ணாடி. என் முதுகை நானே அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

பக்கத்தில் தூக்கிக்கொண்டிருந்தவன் காலேஜ் படிக்கிற பையன். அவன் தூக்குவதில் பாதியாவது தூக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வைராக்கியம். தம்பி ஒவ்வொரு தடவையும், "அண்ணே, போதுமா? இன்னும் போடவா?" என்று கேட்டான். கை கெஞ்சியது. வாய் மட்டும் "போடுப்பா" என்றது.

மறுநாள் காலையில் சட்டைக்குள் கையை விட முடியவில்லை. உங்கள் அம்மா பொத்தான் போட்டுவிட்டாள். கோமதி, நீதான் எனக்குத் தலை சீவினாய். நடு வகிடு எடுத்துவிட்டாய். அப்போது நீ மூன்றாம் வகுப்பு. அந்தத் தலையோடு ஷெட்டுக்குப் போனேன். நாடாவில் தாரை மாட்டக் கை தோள் வரை எழும்பவில்லை. அண்ணாச்சி தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்.

"ஏலே ஊடை, என்ன கொலுப்பொம்மை மாதிரி நிக்க? சீவிச் சிங்காரிச்சு வேற அனுப்பியிருக்காவ?"

ஜோடி முறிந்தாலும் அவர் கிண்டலை முறிக்கவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆறுதலாக இருந்தது.

பீம் விஷயத்தில் செய்த அதே தப்பை ஜிம்மிலும் செய்திருக்கிறேன் என்று அன்று எனக்கு உறைக்கவில்லை. ஜிம் நமக்குச் சரிப்படாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

4. மூன்றாம் நம்பர் தறி

இப்போது சொல்லப்போவதை நீங்கள் உங்கள் சிநேகிதர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். எனக்கு வெட்கம் போய்விட்டது.

தறியின் பின்பக்கம், பீம் தன் இஷ்டத்துக்குச் சுழன்றுவிடாமல் இருக்க, அதைச் சுற்றி ஒரு சங்கிலி போட்டு, நுனியில் இரும்பு வெயிட்டு தொங்கவிடுவோம். அந்தக் கனம்தான் பாவை விறைப்பாக இழுத்துப் பிடிக்கும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறி நின்றிருந்தபோது என் கண் அதில் விழுந்தது. உருண்டையான இரும்பு. நடுவில் பிடிக்கத் தோதான கொக்கி. ஜிம்மில் இருந்ததைவிட இது நன்றாக இருக்கிறதே என்று தோன்றியது.

அன்றிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், எல்லோரும் சாப்பிடப் போனதும், மூன்றாம் நம்பர் தறியிலிருந்து இரண்டு வெயிட்டைக் கழற்றிக்கொள்வேன். நூல் மூட்டைகளுக்குப் பின்னால் மறைவாகப் போய்த் தூக்குவேன். பிறகு கொண்டுவந்து மாட்டிவிடுவேன். இரண்டு வாரம் நல்லபடியாகத்தான் போனது. மேல்கையைத் தொட்டால் ஏதோ இருப்பது மாதிரி தெரிந்தது. ஆள் இல்லாத நேரத்தில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் பாதியில் மேஸ்திரி கூப்பிட்டுவிட்டார். பதற்றத்தில் ஒரு வெயிட்டை மாட்டினேன். இன்னொன்றை நூல் மூட்டைக்குப் பின்னாலேயே விட்டுவிட்டேன். தறியைப் போட்டேன். தறியும் ஓடியது. சத்தத்தை வைத்தே எல்லாம் சொல்லுவேன் என்று மேலே பெருமையாக எழுதினேன் இல்லையா? அன்று சத்தத்தையும் கவனிக்கவில்லை, துணியையும் கவனிக்கவில்லை. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் முதலாளி துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீலத் துணி. அதற்குள்ளே டியூப்லைட் தெரிந்தது. எதிரே நின்ற மேஸ்திரியும் தெரிந்தார்.

"என்னவே முருகையா, இது சேலையா, கொசுவலையா?"

ஷெட்டே கூடிவிட்டது. மேஸ்திரி குனிந்து தறிக்குப் பின்னால் பார்த்து, "ஒரு வெயிட்டைக் காணோம் மொதலாளி" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி நூல் மூட்டைக்குப் பின்னாலிருந்து அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இங்கன ஒளிச்சு வெச்சிருக்கான் மொதலாளி. குஞ்சு பொரிக்கும்னு நெனச்சானோ என்னமோ."

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். முதலாளி சிரிப்பை அடக்குவதற்குப் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

"தறி வெயிட்டை நீரு தூக்கிட்டுப் போனா, தறியில எதைவே தொங்கவிட? உம்மையா?"

"வேண்டாம் மொதலாளி" என்றார் அண்ணாச்சி. "இவனைத் தொங்கவிட்டா பாவு இன்னும் தொளதொளன்னு ஆயிரும்."

சிரித்து ஓய்ந்து எல்லோரும் போனபிறகு அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதே நூல். அதே சாயம். அதே தறி. ஒரு வெயிட்டு குறைந்தது, அவ்வளவுதான். அதற்கே துணி இப்படித் தொளதொளவென்று விழுந்திருந்தது. என் உடம்பும் இதுதானே என்று அப்போதுதான் தோன்றியது. நூல் மெலிசாக இருப்பது குற்றம் இல்லை. மெலிசான நூலில்தான் நல்ல சேலை நெய்கிறோம். அதை இழுத்துப் பிடிக்கிற கனம்தான் இல்லாமல் போயிற்று. இருபது வருஷமாக என் உடம்பில் யாரும் ஒரு வெயிட்டைத் தொங்கவிடவில்லை.

அன்று நெய்த இரண்டு சேலைத் துணியையும் முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். நம் வீட்டு ஜன்னலில் இன்றைக்கும் தொங்குகிற நீலத் திரை அதுதான். காற்று நன்றாக வருகிறது என்று நீங்கள் சொல்லுவீர்களே, காரணம் இதுதான்.

5. மணல் டின்

எதிர் வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. கேட்டு வாங்கிய மணலை, கைப்பிடி வைத்த இரண்டு ஐந்து லிட்டர் எண்ணெய் டின்களில் பாதிப் பாதி நிரப்பினேன். திரும்பவும் டாக்டரம்மாவிடம் போய் ஜிம் கதையையும் தறிக் கதையையும் சொன்னேன். எப்படிச் செய்வது என்று அங்கேயே நின்று காட்டச் சொன்னார். திருத்தினார். ஒரே ஒரு விதியை மட்டும் அழுத்திச் சொன்னார்: "இன்னும் ரெண்டு தடவை தூக்க முடியும்னு தோணும்போதே நிறுத்திரணும். முடியாத வரைக்கும் போகக் கூடாது."

திங்கள், புதன், வெள்ளி. காலையில் குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால். டின்னைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவது. குனிந்து டின்னை வயிற்றுப் பக்கம் இழுப்பது. சுவரில் கையை ஊன்றித் தள்ளுவது. கடைசியில் இரண்டு டின்னையும் தொங்கவிட்டுக்கொண்டு தெரு முனை வரை போய்வருவது. அது கைப் பிடிக்கு வலு சேர்க்க.

எண்ணுவது கோமதியின் வேலை. பள்ளிச் சீருடையில் நின்றுகொண்டு, "ஒண்ணு, ரெண்டு" என்று அதிகாரமாக எண்ணுவாய். பத்துக்கு அப்புறம் பன்னிரண்டு சொல்லுவாய். பதினொன்று உனக்கு எப்போதும் விட்டுப்போகும். நானும் திருத்தவில்லை. ஒன்று மிச்சம் ஆகிறதே என்று இருந்துவிட்டேன். சங்கர், உனக்கு அப்போது ஐந்து வயது. டின்னைத் திறந்து மணலை எடுத்து வீடு கட்டுவாய். அதனால் சில நாள் எனக்கு மிகவும் சுலபமாக இருக்கும்.

ஒரு நாள் இரண்டு டின்னோடு தெருவில் போகும்போது அண்ணாச்சி சைக்கிளில் எதிரே வந்தார். ஒரு காலை ஊன்றி நின்றார்.

"மண்ணு யாவாரமாலே?"

"ஒங்ககூட பீம் தூக்கத்தான் அண்ணாச்சி."

ஒரு டின்னை வாங்கிக் கனம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார். "மூடிய இறுக்கு. ஒழுகுது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று வாரம் ஒன்றும் தெரியவில்லை. உடம்பு அப்படியேதான் இருந்தது. ஐந்தாம் வாரம் பாதி மணல் முக்கால் ஆனது. வைகாசி போய் ஆனியும் முடிகிறபோது டின் நிறைந்துவிட்டது. டீ இரண்டாகக் குறைந்தது. வடைக்குப் பதில் உங்கள் அம்மா டப்பாவில் சுண்டல் கொடுத்தனுப்பினாள். ஷெட்டில் முக்கால்வாசி அண்ணாச்சிதான் தின்பார். சுரைக்காய் மெல்ல வற்றியது. எடை பார்த்தால் ஐம்பத்துமூன்று. வயிறு குறைந்திருக்கிறது, எடை கூடியிருக்கிறது. உங்கள் அம்மா மிஷின்தான் கெட்டுப்போயிற்று என்றாள்.

ஆடி பிறந்து கோயிலில் கொடி ஏறியது. உங்கள் அம்மா வருஷாவருஷம் கோயிலை ஆடிச்சுற்று நூற்றொன்று சுற்றுவாள். அதற்கு முந்தின வருஷம் நான் முப்பதாவது சுற்றில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். "இங்கனயே இருங்க, ஒங்க கணக்கையும் நானே சேத்துச் சுத்திட்டு வாரேன்" என்று போனாள். அந்த வருஷம் மூன்று நாளாகப் பிரித்து அவளோடு நூற்றொன்றையும் முடித்தேன். கடைசிச் சுற்றில் அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கே விழுந்துவிடுவேனோ என்ற பயம்தான்.

6. இருபத்தாறு எட்டு

தபசு முடிந்து ஷெட் திறந்தது. முதல் பீம் லோடு ஆட்டோவில் வந்து இறங்கியது. முதலாளி வாசலில் நின்றார்.

"என்னவே, ஜோடி கிடைச்சுதா?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டே வந்தார்.

"நான் வாரேன் மொதலாளி. ஆனா ஒண்ணு. இவன் பின்பக்கமா நடக்கட்டும். நான் வழி பாத்துக்கிட்டு வாரேன். நழுவுனா அவன் காலுல விழட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பக்கத்துத் தறிகளை நிறுத்தினார்கள். குனிந்து, முதுகை நேராக வைத்து, தொடையால் எழுந்தேன். பீம் எழுந்து வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அது கனமாகத்தான் இருந்தது. ஆனால் என் கைக்குள் இருந்தது. முதுகுப் பக்கமாக நடந்தேன். இப்போது கேட்க வேண்டியவன் நான்.

"போலாமா அண்ணாச்சி?"

"போ."

பத்து எட்டு. "போலாமா?" "போ." பதினைந்து. இடது கை நன்றாக இருந்தது. வலது கையில் வியர்வை. பீமின் முனையில் கொஞ்சம் எண்ணெய் இருந்திருக்கிறது. பதினெட்டாவது எட்டில் வலது கை கால் அங்குலம் வழுக்கியது. பலம் இருந்தது, பிடி இல்லை. இன்னும் எட்டே எட்டு. பல்லைக் கடித்தால் போய்விடலாம் என்று ஒரு நினைப்பு. வாசலில் முதலாளி பார்த்துக்கொண்டிருக்கிறார். மேஸ்திரி பார்க்கிறார். "எறக்கு" என்று சொன்னால் என் தறி போய்விடும் என்றுதான் நினைத்தேன்.

எதிரே அண்ணாச்சியின் பெரிய பாதம் இரண்டும் தெரிந்தன.

"எறக்கு!" என்றேன்.

அவர் ஏன் என்று கேட்கவில்லை. அந்த நொடியே குனிந்தார். நானும் குனிந்தேன். பீம் சத்தம் இல்லாமல் தரையில் உட்கார்ந்தது.

"கையில எண்ணெய் அண்ணாச்சி" என்று நானே சொன்னேன். துண்டால் கையைத் துடைத்தேன். பீமின் முனையையும் துடைத்தேன். என் நெஞ்சு அடித்துக்கொண்டது தறிச் சத்தம் மாதிரி எனக்கே கேட்டது.

அண்ணாச்சி அவர் பக்கத்தை விட்டு எழுந்தார். தறிக்கு அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து என் பக்கத்தில் நின்றார். என் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

"நீ அந்தப் பக்கம் போலே" என்றார். "நான் பின்பக்கமா நடக்கேன்."

எதிர்ப்பக்கம் போய்ப் பிடித்தேன். தூக்கினோம். அவர் முதுகைத் தறிக்குக் காட்டி, கண்ணை என் முகத்தில் வைத்தார்.

"போலாமா?"

முதலில் வழியைப் பார்த்தேன். பிறகு என் கையைக் கேட்டேன். அது, பிடி இருக்கிறது என்றது.

"போ" என்றேன்.

பீமைத் தறியில் ஏற்றியதும் முதலாளி ஒன்றும் சொல்லாமல் ஆபீஸ் ரூமுக்குள் போய்விட்டார். அப்படிப் போனால் சரி என்று அர்த்தம். அன்று டீக்கடையில், "ஊடை 'எறக்கு'ன்னு சொல்லிட்டான்லே" என்று ஒருத்தன் ஆரம்பித்தான். அண்ணாச்சி வடையைக் கடித்துக்கொண்டே, "ஆமா. அவன் சொன்னதாலதான் நான் இங்கன வந்து வடை திங்கேன். நீ சொல்லுவியாலே?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

7. உங்களுக்கு

இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அந்த நாலு தறியில்தான் இன்னும் நிற்கிறேன். சுகர் அந்த எல்லைக் கோட்டைத் தாண்டவில்லை. என் உடம்பு சினிமா உடம்பு ஆகிவிடவில்லை. இன்னமும் ஊடை என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் உங்கள் அம்மா மேல் அலமாரிப் பெட்டியை இறக்க இப்போது என்னைக் கூப்பிடுகிறாள். முன்பெல்லாம் அவளே ஸ்டூல் போட்டு ஏறுவாள்.

இதை ஏன் எழுதினேன் என்றால், நீங்கள் இருவரும் என்னை மாதிரியே ஒல்லி. கோமதி பிளஸ் ஒன் படிக்கிறாய். பொழுதெல்லாம் புத்தகத்தின் மேல் குனிந்திருக்கிறாய். சங்கர் எட்டாம் வகுப்பு. செல்போன் மேல் குனிந்திருக்கிறாய். "எனக்கென்ன, நான்தான் ஒல்லியா இருக்கேனே" என்று போன வாரம் நீ சொன்னாய். ஆஸ்பத்திரியில் நான் சொன்னதும் அதே வார்த்தைதான்.

உடம்புக்கு வாரம் தவறாமல் கொஞ்சம் கனம் காட்ட வேண்டும் என்பது மூன்றாம் நம்பர் தறி எனக்குச் சொன்னது. எவ்வளவு முடியும் என்று பொய் சொல்லக் கூடாது என்பது அண்ணாச்சியின் கால் பெருவிரல் சொன்னது. இரண்டில் எனக்கு இரண்டாவதுதான் கற்றுக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. மணலை இரண்டு மாதத்தில் தூக்கப் பழகிவிட்டேன். "எறக்கு" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இருபது வருஷம் ஆயிற்று.

டின் இரண்டும் குழாயடியில் இருக்கின்றன. மூடியை இறுக்கி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் வாருங்கள். பாதி மணலில் ஆரம்பிப்போம். கோமதி, இந்தத் தடவை பதினொன்றை விடாமல் எண்ணு. கை தளர்ந்தால் இரண்டு பேரும் சத்தமாக "எறக்கு" என்று சொல்லுங்கள். நான் வந்து பிடித்துக்கொள்கிறேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.